கிளவுட் காக்காத சில மெகாபைட்டுகள்

ஃபோனுக்கு பேக்கப் எடுப்பது பற்றிப் பேச்சு வந்தால் இன்று எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: செட்டிங்ஸில் கூகுள் பேக்கப்பை ஆன் செய்துவிடுங்கள், மற்றது தானாக நடக்கும். கம்ப்யூட்டரில் கறுப்புத் திரையைத் திறந்து, கட்டளை தட்டி, ஃபோனின் சிஸ்டம் பகுதிகளைப் படியெடுத்து வைப்பதெல்லாம் ரோம் எனும் இயங்குதளத்தை மாற்றுவதையே பொழுதுபோக்காக வைத்திருந்தவர்களின் பழைய பழக்கம், சாதாரணமாக ஃபோன் வைத்திருப்பவருக்கு அது வேண்டாத வேலை, ஆபத்தான வேலையும்கூட என்ற எண்ணம் பரவலாக வேரூன்றிவிட்டது. இந்த எண்ணம் பாதி சரி. அதனால்தான் முழுக்க நம்பப்படுகிறது. படங்களுக்கும் தொடர்பு எண்களுக்கும் அது பொருந்தும். ஃபோன் ஃபோனாக வேலை செய்ய வேண்டுமானால் இருந்தே ஆக வேண்டிய, அந்த ஒரு கருவிக்கு மட்டுமே உரிய தகவல்களுக்கு அது கொஞ்சமும் பொருந்தாது. அவற்றை எந்த கிளவுடும் காப்பதில்லை. தயாரிப்பாளர் பொதுவில் வைப்பதும் இல்லை. அவற்றைக் காக்க இன்று ஃபோன் வைத்திருப்பவர் கையில் இருக்கும் நம்பகமான வழி, அந்தப் பகுதிகளை ஒரு பைட்டும் விடாமல் கட்டளை மூலம் படியெடுத்து வைப்பதுதான்.

ஆண்ட்ராய்டு ஃபோன் ஒன்றின் சேமிப்பில் இருப்பவற்றை மூன்றாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீரும். முதலாவது, நாம் உண்டாக்கியவை: படங்கள், செய்திகள், செயலிகளின் தரவு. இரண்டாவது, அந்த மாடலில் வரும் எல்லா ஃபோனுக்கும் பொதுவானவை: இயங்குதளம், கெர்னல், மோடத்தின் ஃபர்ம்வேர். மூன்றாவது, அந்த ஒரு கருவிக்கு மட்டும் உரியவை: தொழிற்சாலையில் எழுதப்பட்ட ஐஎம்இஐ எண், வைஃபை மற்றும் ப்ளூடூத் முகவரிகள், ஆன்டெனாவுக்கும் சென்சார்களுக்கும் அந்தக் கருவியிலேயே அளந்து குறித்த திருத்த மதிப்புகள், சில ஃபோன்களில் படம் பார்க்கும் செயலிகள் கேட்கும் உரிமச் சாவிகள். முதல் வகை போனால் கிளவுடிலிருந்து ஓரளவு திரும்பும். இரண்டாம் வகை போனால் ஃபர்ம்வேரைத் தேடி எடுத்து மறுபடி போட்டுக்கொள்ளலாம். மூன்றாம் வகை போனால் அதே மாடலில் இன்னொரு ஃபோனிலிருந்து எடுத்துப் போட்டாலும் சரியாகாது, ஏனென்றால் அது இன்னொரு ஃபோனுடையது. வீடு இடிந்தால் திரும்பக் கட்டலாம். பத்திரம் தொலைந்தால், வீடு நின்றுகொண்டிருந்தாலும் நம்முடையது என்று காட்ட வழியில்லை. மூன்றாம் வகைத் தகவல் அந்தப் பத்திரம்.

கிளவுட் பேக்கப் எதைச் செய்கிறது என்பதை முதலில் நியாயமாகப் பார்ப்போம். 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல் செயலிகளின் தரவு தானாக கூகுள் கணக்குக்குப் போகிறது. ஆனால் ஒரு செயலிக்கு 25 எம்பிதான் எல்லை. செயலியை எழுதியவர் விரும்பாவிட்டால் ஒரே வரியில் பேக்கப்பை மறுத்துவிடலாம். வங்கிச் செயலிகள் பலவும் அப்படித்தான் மறுக்கின்றன, அதற்கு அவற்றுக்குக் காரணமும் உண்டு. ஃபோனை 57 நாள் பயன்படுத்தாமல் போட்டுவைத்தால் அந்த பேக்கப் அழிந்துபோகலாம் என்று கூகுளே சொல்கிறது. இத்தனை வரம்புகளையும் ஏற்றுக்கொண்டு பார்த்தால், முதல் வகைத் தகவலுக்கு இது பயனுள்ள ஏற்பாடுதான். அதை யாரும் நிறுத்த வேண்டியதில்லை. கேள்வி அதன் தரம் பற்றியது இல்லை, எல்லை பற்றியது. ஃபோனின் சேமிப்புப் பகுதிகளான பார்ட்டிஷன்களை அது தொடுவதே இல்லை. தொடுமாறு அது வடிவமைக்கப்படவும் இல்லை. "பேக்கப் முடிந்தது" என்று திரையில் வரும் வாசகம் எதைப் பற்றியது என்று தெரியாமல், ஃபோன் முழுதும் பத்திரமாக இருக்கிறது என்று நம்புவதில்தான் பிழை தொடங்குகிறது.

இது கற்பனையான அபாயம் இல்லை என்பதற்கு ஆண்ட்ராய்டின் தொடக்க காலமே சாட்சி. சாம்சங் 2010இல் கொண்டுவந்த கேலக்ஸி எஸ் ஃபோனில் 'ஈஎஃப்எஸ்' என்று ஒரு சிறு பகுதி இருந்தது. ஐஎம்இஐ உள்ளிட்ட மோடம் தரவு அதற்குள் ஒரே கோப்பில் இருந்தது. ஃபர்ம்வேர் மாற்றும்போது அந்தக் கோப்பு கெட்டுப்போனால், மோடம் தானே ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கிக்கொள்ளும். பிறகு ஸ்டார், ஹாஷ், பூஜ்யம், ஆறு, ஹாஷ் தட்டிப் பார்த்தால் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்குப் பதிலாக 004999010640000 என்று வரும். உலகின் வேறு வேறு மூலைகளில் இருந்தவர்களுக்கு ஒரே எண் வந்தது, ஏனென்றால் அது யாருடைய எண்ணும் இல்லை. எண் தொலைந்துவிட்டது என்பதற்கான அடையாளம். திரை ஒளிரும், படம் எடுக்கலாம், பாட்டு கேட்கலாம், ஆனால் பலருக்கு நெட்வொர்க் வராது. இப்படி ஆனவர்களில், முன்கூட்டியே அந்தச் சிறு பகுதியைப் படியெடுத்து வைத்திருந்தவர்கள் அதைத் திரும்ப எழுதித் தப்பினார்கள். படி இல்லாதவர்களுக்கு சர்வீஸ் சென்டரின் வாசல்தான் மிச்சம்.

அந்த ஃபோன் பழையது, அந்தப் பிரச்சினை பழையது இல்லை. மீடியாடெக் சிப் உள்ள ஃபோன்களில் இதே தகவல் 'என்விராம்', 'என்விடேட்டா' என்ற பகுதிகளில் இருக்கிறது. செத்துப்போன ஃபோனுக்கு சாஃப்ட்வேர் போடும்போது, முழுச் சேமிப்பையும் அழித்துவிட்டு எழுது என்ற வாய்ப்பை யாராவது அவசரத்தில் தேர்ந்தெடுத்துவிட்டால் இந்தப் பகுதிகளும் சேர்ந்தே அழியும். ஃபோன் உயிர் பெறும். வைஃபை பட்டியலைத் திறந்தால், அக்கம்பக்கத்து வீடுகளின் இணைப்புப் பெயர்களோடு 'என்விராம் வார்னிங்' என்று ஒரு பெயரும் நிற்கும். அது யாருடைய ரவுட்டரும் இல்லை, தன் அடையாளம் போய்விட்டது என்று ஃபோன் எழுப்பும் குரல். குவால்காம் சிப் உள்ளவற்றில் மோடத்தின் தரவு 'மோடம்எஸ்டி 1', 'மோடம்எஸ்டி 2' என்ற இரு பகுதிகளிலும், அவற்றின் மூலப்படி 'எஃப்எஸ்ஜி' என்ற பகுதியிலும் இருக்கிறது. சென்சார் திருத்தங்கள் 'பெர்சிஸ்ட்' என்ற பகுதியில் இருக்கின்றன. பெர்சிஸ்ட் கெட்டாலும் பெரும்பாலும் ஃபோன் நிற்காது. அழைப்பின்போது காதில் வைத்தாலும் திரை அணையாது, திசை தவறாகக் காட்டும், சில மாடல்களில் திரைக்கு அடியில் இருக்கும் கைரேகை சென்சார் விரலையே ஏற்காது. வன்பொருள் பழுது என்று நினைத்து டிஸ்பிளேவையே மாற்றிப் பணத்தை இழக்க இது போதும்.

இந்தப் பகுதிகள் எவ்வளவு பெரியவை? மோடம்எஸ்டி பகுதிகள் பல மாடல்களில் ஒவ்வொன்றும் 2 எம்பி அளவு. பெர்சிஸ்ட் பல மாடல்களில் 32 எம்பி. மீடியாடெக்கின் பகுதிகளையும் கூட்டினாலும் மொத்தம் சில நூறு எம்பிக்குள் அடங்கிவிடும். திருமணத்தில் எடுத்த ஒரு வீடியோ இதைவிடப் பெரிது. இவற்றைப் படியெடுக்கத் தேவையான மென்பொருளும் ஃபோனுக்குள்ளேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பது லினக்ஸ் கெர்னல். ஆண்ட்ராய்டு 6 முதல் 'டாய்பாக்ஸ்' என்ற கருவித் தொகுப்பும் அதோடு வருகிறது. 'டிடி', 'சிபி', 'கேட்', கோப்பு மாறியதா என்று காட்டும் செக்சம் பார்க்கும் கட்டளைகள் எல்லாம் இன்று அதற்குள் உண்டு. டிடி கட்டளைக்குச் சொல்ல வேண்டியவை இரண்டு: ஐஎஃப் என்ற இடத்தில் எந்தப் பகுதியிலிருந்து படிக்க வேண்டும், ஓஎஃப் என்ற இடத்தில் எந்தக் கோப்பில் எழுத வேண்டும். என்டர் தட்டியதும் ஓரிரு நொடியில் பதில் வரும்: 4096 ரெக்கார்டு உள்ளே, 4096 ரெக்கார்டு வெளியே, 2097152 பைட் படியெடுக்கப்பட்டது. 4096ஐ 512ஆல் பெருக்கினால் 2097152, அதாவது சரியாக 2 எம்பி. உள்ளே போனதும் வெளியே வந்ததும் ஒத்துப்போகிறதா என்று யாரையும் கேட்காமல் நாமே பார்த்துக்கொள்ளலாம்.

ஏன் பகுதியையே படியெடுக்க வேண்டும், ஃபைல் மேனேஜரில் அந்த ஃபோல்டரைத் திறந்து கோப்புகளை மட்டும் மெமரி கார்டுக்கு நகர்த்தினால் ஆகாதா என்று கேட்கலாம். ஆகாது. அந்தக் கோப்புகள் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் யார், யார் படிக்கலாம், யார் எழுதலாம், எந்தப் பாதுகாப்பு முத்திரை என்ற விவரங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மெமரி கார்டின் கோப்பு முறைமை அவற்றைத் தாங்காது. கோப்பு போய்ச் சேரும், அந்த விவரங்கள் உதிர்ந்துவிடும். திருப்பி வைக்கும்போது எல்லாக் கோப்பும் இருந்தும், படிக்க அனுமதி இல்லை என்று மோடம் சேவை நின்றுவிடும். டிடி கோப்புகளைப் பார்ப்பதில்லை. பகுதியின் முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை இருப்பதை இருக்கிறபடி எடுக்கிறது. மோடம்எஸ்டி போன்ற பகுதிகளில் நாம் திறந்து பார்க்கக்கூடிய கோப்பு முறைமையே கிடையாது, வெறும் பைட்டுகள்தான். அவற்றை எந்த ஃபைல் மேனேஜரும் காட்டக்கூட முடியாது. கட்டளை வரியைப் பழமை என்று ஒதுக்குகிறவர்கள் இந்த வேலைக்கு எந்தப் புதுமையைக் கைகாட்டுகிறார்கள் என்பதற்கு விடை இல்லை.

இதற்கு வரும் முதல் மறுப்பு, டிடி ஆபத்தானது, இரண்டு இடத்தையும் மாற்றித் தட்டிவிட்டால் ஃபோனே போய்விடும் என்பது. உண்மைதான், ஐஎஃப் இடத்தில் கோப்பையும் ஓஎஃப் இடத்தில் பகுதியையும் வைத்தால் அந்தப் பகுதியின் மேல் எழுதிவிடும். ஆனால் அந்த அபாயம் திருப்பி எழுதும்போதுதான் இருக்கிறது. படியெடுக்கும் வேலை வெறும் வாசிப்பு. சேருமிடம் ஒரு சாதாரணக் கோப்பு. அச்சமிருந்தால் டிடியை விட்டுவிட்டுப் பகுதியைக் கேட் கட்டளையால் வாசித்துக் கோப்பில் சேர்க்கலாம், விளைவு ஒன்றே. கவனிக்க வேண்டிய இடங்கள் வேறு. ஃபோன் இயங்கும்போது மோடம் தன் பகுதியில் எழுதிக்கொண்டே இருப்பதால், ரெக்கவரி எனும் தனித் தொடக்க நிலைக்குப் போய் எடுப்பது நல்லது. கம்ப்யூட்டருக்கு நேராக அனுப்பும்போது, கேபிள் வழியே ஃபோனுக்குக் கட்டளை அனுப்பும் கருவியான ஏடிபியின் சாதாரண ஷெல் வழியாகக் கொண்டுவந்தால் பழைய ஆண்ட்ராய்டுகளில் வரிமுடிவுக் குறிகள் மாறி பைட்டுகள் கெட்டுவிடும். அதற்கென்றே எக்ஸெக்-அவுட் என்ற வழி இருக்கிறது. விண்டோஸில் பவர்ஷெல்லின் பழைய பதிப்புகள் வெளியீட்டைக் கோப்பாக மாற்றும்போது எழுத்துக் குறியீட்டையே மாற்றிவிடும். ஆகவே ஃபோனுக்குள்ளேயே கோப்பாக எடுத்து, ஏடிபி புல் கட்டளையால் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்து, இரு பக்கமும் எஸ்எச்ஏ-256 செக்சம் போட்டு 64 எழுத்தும் ஒன்றுதானா என்று பார்ப்பதே நேர்வழி. இந்தச் சோதனையை எந்த கிளவுட் பேக்கப்பும் நம்மிடம் விட்டுவைப்பதில்லை.

இரண்டாவது மறுப்பு கனமானது. பார்ட்டிஷனைப் படிக்க ரூட் எனும் முழு அனுமதி வேண்டும், இல்லாவிட்டால் தனி ரெக்கவரி வேண்டும். இரண்டுக்குமே பெரும்பாலும், ஃபோனைத் தொடங்கிவைக்கும் பூட்லோடரை அன்லாக் செய்ய வேண்டும். அன்லாக் செய்தால் ஃபோனில் உள்ள தரவு அழியும், சாம்சங் ஃபோன்களில் தனி ரெக்கவரியை ஏற்றினால் மாற்றம் நடந்ததைப் பதியும் நாக்ஸ் ஃபியூஸ் ஒருமுறை எரிந்து மறுபடி பழையபடி ஆகாது, வங்கிச் செயலிகள் சில வேலை செய்ய மறுக்கும். இவை அத்தனையும் உண்மை. ஆகவே பேக்கப் எடுப்பதற்காக மட்டும் எல்லோரும் பூட்லோடரைத் திறக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஃபோனைத் திறக்க ஏற்கெனவே முடிவு செய்தவர்கள் பெரும் எண்ணிக்கையில் இருக்கிறார்கள். தயாரிப்பாளர் அப்டேட்டை நிறுத்திய பிறகும் நன்றாக இருக்கும் ஃபோனை லீனியேஜ்ஓஎஸ் என்ற மாற்று இயங்குதளம் போட்டு இன்னும் சில வருடம் ஓட்டுகிறவர்கள், பழுதான ஃபோனுக்கு சாஃப்ட்வேர் போடக் கொடுக்கிறவர்கள், போட்டுத் தருகிற தெருமுனைக் கடைக்காரர்கள். இவர்கள் விலையைக் கொடுத்தாயிற்று. அதன் பிறகும் முதல் வேலையாக அடையாளப் பகுதிகளைப் படியெடுக்காமல் ஃபர்ம்வேரில் கை வைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. பல மாடல்களில் ரெக்கவரியை நிரந்தரமாகப் பதிக்காமல் ஃபாஸ்ட்பூட் கருவி வழியாக ஒருமுறை மட்டும் ஏற்றி, படியெடுத்து, அணைத்துவிடவும் முடியும்.

மூன்றாவது மறுப்பு குறியாக்கம் பற்றியது. இன்றைய ஃபோன்களில் தரவு எல்லாம் என்கிரிப்ட் ஆகியிருக்கிறது, சாவி சிப்புக்குள் பூட்டப்பட்டிருக்கிறது, பிறகு டிடி எடுத்து என்ன பயன் என்கிறார்கள். நம் தரவு இருக்கும் 'யூசர்டேட்டா' பகுதிக்கு இது முற்றிலும் சரி. ஆண்ட்ராய்டு 10உடன் வெளிவந்த ஃபோன்கள் முதல் கோப்புவாரிக் குறியாக்கம் கட்டாயம். ஃபேக்டரி ரீசெட் செய்த பிறகு பழைய படியைத் திரும்ப எழுதினால் வெறும் குப்பைதான் கிடைக்கும். எனவே யூசர்டேட்டாவை டிடி எடுப்பது வீண். அதை எடுக்கச் சொல்லும் பழைய வழிகாட்டிகளை ஒதுக்கிவிடுங்கள். ஆனால் இந்த மறுப்பு அடையாளப் பகுதிகளைத் தொடவில்லை. அவற்றில் சில தனியே குறியாக்கம் செய்யப்பட்டிருந்தாலும், நாம் அவற்றைத் திறந்து படிக்கப் போவதில்லை. அதே சிப் உள்ள அதே ஃபோனில், இருந்த இடத்திலேயே, இருந்தபடியே திரும்ப வைக்கப் போகிறோம். அதற்குச் சாவி நம் கையில் இருக்க வேண்டியதே இல்லை.

நான்காவது மறுப்பு சட்டத்தின் பேரில் வருகிறது: ஐஎம்இஐ இருக்கும் பகுதியில் கை வைப்பது குற்றம். இந்தியாவில் இது எளிதாக எடுத்துக்கொள்ளக்கூடிய விஷயம் இல்லை. செல்லுபடியாகும் ஐஎம்இஐ இல்லாத ஃபோன்களுக்கு 2009 இறுதியிலேயே அழைப்பு நிறுத்தப்பட்டது. ஐஎம்இஐயை வேண்டுமென்றே நீக்குவதையும் மாற்றுவதையும் 2017ஆம் ஆண்டு விதிகள் தடை செய்தன. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் இத்தகைய அடையாளங்களைத் திருத்துவதற்கு 3 ஆண்டு வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் வைத்திருக்கிறது. இந்தச் சட்டங்கள் தேவையானவை. திருட்டு ஃபோன் சந்தையை வேறு எப்படியும் கட்டுப்படுத்த முடியாது. ஆனால் அவை தடுப்பது எண்ணை மாற்றுவதை. தொழிற்சாலை எழுதிய அதே எண்ணை அதே ஃபோனில் காப்பது அதற்கு நேர் எதிரான செயல். உண்மையில், படி இல்லாததுதான் ஆட்களைக் குற்றத்தின் பக்கம் தள்ளுகிறது. என்விராம் அழிந்த ஃபோனை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால், ஏதோ ஒரு கருவியை வைத்து 15 இலக்க எண் ஒன்றைத் தட்டி ஏற்றித் தரும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்த எண் பெட்டியில் இருப்பதா, வேறு யாருடையதா என்று வாடிக்கையாளருக்குத் தெரியாது. முன்பே எடுத்து வைத்த படி இருந்தால் அந்தக் கேள்வியே எழாது. ஒரே ஒரு எச்சரிக்கை: அந்தப் படி உங்கள் ஃபோனின் அடையாளம். அதை இணையத்தில் ஏற்றாதீர்கள், யாருக்கும் பகிராதீர்கள், பூட்டிய ஒரு பென்டிரைவில் வையுங்கள்.

பூட்லோடரைத் திறக்க விரும்பாதவர்களுக்கும் கட்டளை வரி கைவிடவில்லை. டெவலப்பர் ஆப்ஷனில் யுஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்து கேபிளைச் செருகினால், ரூட் இல்லாமலே ஏடிபி புல் கட்டளை, ஃபைல் மேனேஜரில் நாம் காணும் உள் சேமிப்பு முழுவதையும் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவரும். கட்டளையோடு ஏ என்ற குறியைச் சேர்த்தால் கோப்புகளின் தேதிகளும் மாறாமல் வரும். இழுத்துப் போட்டு நகலெடுக்கையில் தேதி எல்லாம் இன்றைய தேதியாகிவிடும் தொல்லை இதில் இல்லை. இது அடையாளப் பகுதிகளைத் தராது, ஆனால் கூகுளின் 15 ஜிபி இலவச எல்லைக்கும் மாதச் சந்தாவுக்கும் கட்டுப்படாத ஒரு படியைத் தரும். வேலை முடிந்ததும் டீபக்கிங்கை மறக்காமல் ஆஃப் செய்துவிட வேண்டும். சிஸ்டம் பகுதிகளை எட்ட முடியாத நிலைக்குக் காரணம் நாம் இல்லை, அதற்கு ஒரு கதவை வைக்காத தயாரிப்பாளர்கள்தான். தன் ஃபோனின் அடையாளப் பகுதிகளை, அந்த ஃபோனில் மட்டுமே திரும்ப ஏறக்கூடியபடி பூட்டிய கோப்பாக, வாங்கியவர் எடுத்து வைக்க ஒரு வாய்ப்பைத் தயாரிப்பாளர்கள் செட்டிங்ஸிலேயே தரலாம். வேறு ஃபோனில் ஏறாது என்பதால் திருடருக்கு அதில் பயன் இருக்காது. பூட்லோடரையும் திறக்க வேண்டியதில்லை.

அந்த வாய்ப்பு வரும் வரை பொறுப்பு நம்மிடம்தான் இருக்கிறது. கூகுள் பேக்கப் ஓடட்டும், அது படங்களையும் எண்களையும் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் அது ஃபோன் முழுதையும் காக்கிறது என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். ஃபோனில் சாஃப்ட்வேர் போடவோ ரோம் மாற்றவோ கொடுப்பதற்கு முன், ஸ்டார் ஹாஷ் பூஜ்யம் ஆறு ஹாஷ் தட்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். "என்விராம், ஈஎஃப்எஸ், பெர்சிஸ்ட் எல்லாம் எடுத்து வைத்தீர்களா?" என்று செய்யப் போகிறவரிடம் கேளுங்கள். எடுக்கத் தெரியாது, எடுக்கத் தேவையில்லை என்று பதில் வந்தால் ஃபோனைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு கடைக்குப் போங்கள்.